வங்கிக் கணக்கில் காட்டும் ஐயாயிரம் டாலர்

சொந்தக்காரப் பையன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் கேட்ட ஒரு கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இளைஞர்கள் ஒரு வருஷம் தங்கி ஊர் சுற்றவும் வேலை பார்க்கவும் ஆஸ்திரேலியா தரும் வொர்க் அண்ட் ஹாலிடே விசாவுக்கான குலுக்கலில் பெயர் கொடுக்கப் போகிறேன் என்று அழைத்திருந்தான். நான் மெல்பர்னில் இருப்பதால் இப்படி அழைப்புகள் வருவது வழக்கம்தான். எந்த ஊரில் இறங்கலாம், குளிருக்கு என்ன வாங்க வேண்டும், பழத்தோட்ட வேலை கஷ்டமா என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "அக்கா, அக்கவுண்ட்ல ஐயாயிரம் டாலர் காட்டணுமாம். நீங்க ஒரு ரெண்டு மாசத்துக்குப் போட்டு விடறீங்களா? விசா வந்த மறுநாளே திருப்பி அனுப்பிடறேன்." கேட்டதில் தயக்கமே இல்லை. தயங்க வேண்டிய விஷயமாக அது அவனுக்குத் தெரியவும் இல்லை. வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு மாமாவும் பெரியப்பாவும் கைமாற்றாகக் கொடுத்து ஃபண்ட் காட்டுவது நம் வீடுகளில் காலம்காலமாக நடக்கிறது. அதே கணக்குத்தான் அவனுக்கும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பணம் திரும்பி வராது என்ற பயம் எனக்கு இல்லை, நல்ல பையன். பொய்க் கணக்கு காட்டுவது தவறு என்பது ஒரு காரணம், ஆனால் அது முதல் காரணமாக இல்லை. அந்தப் பணத்தை அவன் விசா அதிகாரிக்குக் காட்ட வேண்டிய ஒன்றாக மட்டும் பார்க்கிறான் என்பதுதான் என்னை உறுத்தியது. அது அவனிடம் உண்மையிலேயே இருக்க வேண்டிய பணம், அதுவும் விசா வந்த பிறகு, இங்கே வந்து இறங்கிய பிறகு. இதை எனக்குப் புரிய வைத்தது என் தம்பியிடமிருந்து வந்த ஒரு போன்.

அதற்குமுன் குலுக்கலைப் பற்றிக் கொஞ்சம். இந்தியர்களுக்கு இந்தக் கதவு 2024 அக்டோபரில்தான் திறந்தது. வயது 18 முதல் 30, பள்ளிக்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டுப் படிப்பு, ஓரளவு ஆங்கிலம், பான் கார்டு, 25 ஆஸ்திரேலிய டாலர் பதிவுக் கட்டணம். ஆண்டுக்கு 1,000 இடங்கள். முதல் முறை பதிவு தொடங்கிய சில வாரங்களிலேயே ஏறத்தாழ 40,000 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு போட்டி என்றால் யாரும் முதலில் பணத்தைச் சேர்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்வதில்லை. பெயரைப் போட்டு வைப்போம், விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் பெயர் விழுந்துவிட்டால் விண்ணப்பிக்கக் கிடைப்பது 28 நாள். மூன்று லட்சம் ரூபாயை ஒட்டிய ஒரு தொகையை 28 நாளில் சம்பாதித்துச் சேர்க்க எந்த இளைஞனாலும் முடியாது. கடன்தான் வாங்க முடியும். குலுக்கல் நடக்கும் விதமே பிள்ளைகளைக் கைமாற்றுக்குத் தள்ளிவிடுகிறது. 650 டாலருக்கு மேற்பட்ட விசாக் கட்டணம், விமானச் செலவு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்காது என்பது வேறு.

தக்காளித் தோட்டத்து ஹாஸ்டல்

என் தம்பி அந்த முதல் குலுக்கலில் வந்தவன். சித்தி மகன்தான், ஆனால் எனக்குத் தம்பி என்றால் அவன்தான். இரண்டரை வருஷம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு வந்தான். வீட்டில் எல்லாரும் "ஒரு வருஷம் வீணாப் போகுது" என்று சொல்லிக்கொண்டே வழியனுப்பினார்கள். மெல்பர்னில் என்னோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வடக்கே கிளம்பினான். இரண்டாம் வருஷ விசா வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு முதல் வருஷத்தில் மூன்று மாதம், எல்லாரும் சொல்கிற அந்த 88 நாள், அரசு குறித்து வைத்திருக்கிற பகுதிகளில் குறித்து வைத்திருக்கிற வேலைகளைச் செய்திருக்க வேண்டும். குயின்ஸ்லாந்தின் வடக்குக் கரையில் குளிர்காலத்தில்தான் தக்காளியும் குடைமிளகாயும் அறுவடைக்கு வரும். தெற்கில் தோட்டங்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அங்கே ஆள் தேடுவார்கள். அப்படிப்பட்ட ஓர் ஊரில், வேலையும் படுக்கையும் சேர்த்துத் தருகிறோம் என்ற ஒரு ஹாஸ்டலில் போய் இறங்கினான்.

ஆறு பேர் அறை, வாரத்துக்கு 230 டாலர், இரண்டு வார வாடகை முன்பணம். வேலை யாருக்கு என்பதை முந்தின நாள் இரவு சமையலறைப் பலகையில் எழுதி வைப்பார்கள். பலகையில் பெயர் இருந்தால் விடியும் முன்னால் வேன் வரும். பெயர் இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, வாடகை மட்டும் உண்டு. முதல் சில நாள்கள் அவன் பெயர் வரவே இல்லை. வந்த பிறகு பக்கெட் கணக்கில் கூலி. குனிந்தே பறிக்க வேண்டும், பழக்கம் இல்லாதவனுக்கு இடுப்பு விட்டுப்போகும். பழகிய கைகளுக்கு ஒரு நாளில் வருவதில் பாதிகூட அவனுக்கு வரவில்லை. முதல் இரண்டு வாரமும் வாடகையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கொடுத்தது சாப்பாட்டுக்கே போதவில்லை. பே-ஸ்லிப் கேட்டால், மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். அறையில் இருந்த ஒரு பெண் மணிக்கணக்குக் கூலியைப் பற்றிக் கேட்டாள். அடுத்த நாலைந்து நாள் பலகையில் அவள் பெயர் இல்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை. பலகையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தம்பி அழைத்தான். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. "அக்கா, நான் இங்கேருந்து கிளம்பிடலாமான்னு பாக்கறேன். முன்பணம் போனாப் போகட்டும். கையில இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கு. வடக்க வாழைத்தோட்டம் இருக்காம், வருஷம் முழுக்க வேலை இருக்குமாம். நீ என்ன சொல்ற?" கிளம்பு என்றேன். அப்புறம் அவன் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை காதில் இருக்கிறது. "பக்கத்துப் படுக்கையில ஒருத்தன் இருக்கான் அக்கா, நம்ம ஊர்ப் பக்கம்தான். என்னைவிட நல்லா வேலை செய்வான். அவனையும் கூப்பிட்டேன். வரமாட்டேங்கறான். அவன் காட்டின பணம் அவங்க மாமாவோடது. விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துட்டு, நானூறு டாலரோட வந்து இறங்கியிருக்கான். இங்கேருந்து போனா அடுத்த வாரம் எங்க படுக்கறதுன்னு அவனுக்குத் தெரியல."

இரண்டு பேருக்கும் ஒரே விசா, ஒரே குலுக்கல், ஒரே தோட்டம், பக்கெட்டுக்கு ஒரே கூலி. சட்டப்படி இருவருக்கும் உள்ள உரிமைகளில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. ஒருவன் திங்கட்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். இன்னொருவன் அதே நேரத்தில் வேனில் ஏறித் தக்காளி பறிக்கப் போனான். மூவாயிரம் டாலர்தான் நடுவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை வாடகை

சட்டம் இல்லாமல் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தோட்ட வேலைக்கான சம்பள விதிகளில் 2022 ஏப்ரலில் ஒரு திருத்தம் வந்தது. பக்கெட் கணக்கில் கூலி கொடுத்தாலும், வேலை செய்த மணிநேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி அந்த நாளுக்கு வந்தே தீர வேண்டும். வேகம் போதாத புதியவனுக்கும் அது பொருந்தும். 2025 ஜூலையில் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது, நிரந்தரமில்லாத கேஷுவல் வேலை என்றால் அதன்மேல் கால்பங்கு கூடுதல். தெரிந்தே கூலியைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி முதல் குற்றம். விசாவைக் காட்டி ஒருவரை மிரட்டுவதும் 2024 ஜூலை முதல் குற்றம். குயின்ஸ்லாந்திலும் விக்டோரியாவிலும் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் கட்டாயம், யாரிடம் உரிமம் இருக்கிறது என்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். கூலிப் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தின் எண் 13 13 94. ஆங்கிலம் தடுமாறினால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசலாம். தம்பி பின்னால் புகார் கொடுத்தான். விட்டுப்போன கூலியில் ஒரு பகுதி வந்தும் சேர்ந்தது.

ஆனால் அது வந்து சேர மாதங்கள் ஆயின. வாடகை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொடுக்க வேண்டியது. நாளைக்கு எங்கே தூங்குவது என்று தெரியாதவனால் சட்டத்தின் பக்கம் போய் நிற்கவே முடியாது. புகார் கொடுத்த அன்றே பலகையில் பெயர் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஒரு விஷயம், அதைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று வாரம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது வேறு விஷயம். இரண்டாவதற்குப் பணம் வேண்டும். இந்த விசாவின் நிபந்தனைகளும் உண்மையில் இடம் மாறுவதற்குத் தோதானவைதான். யாரும் நம்மை ஸ்பான்சர் செய்வதில்லை, முதலாளியை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சொல்லப்போனால் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கவே கூடாது. இவ்வளவு சுதந்திரமான விசாவைக் கையில் வைத்துக்கொண்டு, காசில்லாத ஒரே காரணத்தால் ஒரு மோசமான ஹாஸ்டலில் சிக்கிக் கிடப்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால்தான் பயணத் திட்டம் போடுகிற பிள்ளைகளிடம் வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம் என்கிறேன். சிட்னியா, கிரேட் பேரியர் ரீஃபா என்பதெல்லாம் தானாக அமையும். முதலில் வாரக் கணக்கு போடு. வாடகை 250, சாப்பாடு 100, போன், பஸ், சில்லறைச் செலவு 50 என்று சிக்கனமாகவே வைத்தாலும் வாரத்துக்கு 400 டாலர். ஐயாயிரம் என்றால் பன்னிரண்டு வாரம் சொச்சம். அதில் முன்பணம் போகும். தோட்டம் இருக்கிற பல ஊர்களில் பஸ் கிடையாது, பழைய கார் ஒன்றில் பங்கு போட வேண்டியிருக்கும். பிரிட்டன், அயர்லாந்து போன்ற நாட்டுக்காரர்களுக்கு இங்கே அரசு மருத்துவத்தில் ஒப்பந்தச் சலுகை உண்டு, இந்தியர்களுக்கு இல்லை, ஆகவே காப்பீட்டை வெட்டக் கூடாது. எல்லாம் போக, வேலையே கிடைக்காவிட்டாலும் ஆறேழு வாரம் ஓட்டலாம். அந்த ஆறேழு வாரம்தான் உன் பலம். அதைத் தொடாமல் வைத்துக்கொள்வதற்காகத்தான் மற்ற சிக்கனம் எல்லாம்.

வருமானப் பக்கத்தையும் கனவில்லாமல் போட வேண்டும். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி, அதுவும் முதலாளி வரி அலுவலகத்தில் அதற்கெனப் பதிவு செய்திருந்தால். வரி எண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அதை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போக வேண்டாம். வரி எண் இருக்க, நீ தனித் தொழில் செய்வதாகக் காட்டி ஏபிஎன் என்ற தொழில் பதிவு எண்ணை எடுக்கச் சொல்கிற முதலாளியைக் கண்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், பழம் பறிக்கிறவன் தொழிலதிபர் இல்லை. ஓய்வுக்கால சேமிப்பாக முதலாளி கட்டுகிற 12 சதவீத சூப்பர் பணம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நாட்டை விட்டுக் கிளம்பிய பின் அதை எடுக்கும்போது 65 சதவீதம் வரியாகப் போய்விடும். கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம், திட்டத்தில் சேர்க்கக் கூடாது. 88 நாளுக்கு பே-ஸ்லிப் மட்டும் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம், இரண்டாம் விசாவோடு முதல் விசாவுக்கும் ஆபத்து.

பருவத்தைப் பார்த்து இறங்க வேண்டும் என்பது இன்னொன்று. ஜனவரியில் வந்து வடக்கே போனால் மழையும் புயலும் மட்டும்தான் இருக்கும், தோட்டங்களில் வேலை மந்தம். வாழை மட்டும் விதிவிலக்கு, டலி, இன்னிஸ்ஃபெயில் பக்கம் வருஷம் முழுக்க வெட்டுவார்கள். தோட்டம்தான் வழி என்றும் இல்லை. மிகவும் தொலைவான பகுதிகளில் தங்கும் விடுதி, சாலையோர உணவகம் போன்ற இடங்களில் செய்யும் வேலையும் இந்த விசாவின் மூன்று மாதக் கணக்கில் சேரும். அங்கே பெரும்பாலும் மணிக்கணக்குக் கூலி, தங்க இடமும் இருக்கும். நம் பிள்ளைகள் ஏன் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்று எனக்கு ஆச்சரியம்.

பிரிட்டனின் யங் புரொஃபஷனல்ஸ் திட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஆண்டுக்கு 3,000 இந்தியர்கள், பட்டப்படிப்பு கட்டாயம், இரண்டு வருஷம் தங்கி வேலை பார்க்கலாம். 2,530 பவுண்ட் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். 29-ஆம் நாள் மாமாவுக்கே திரும்பிப் போகிற பணம் எவ்வளவோ. அதோடு வருஷத்துக்கு 776 பவுண்ட் என்று இரண்டு வருஷ மருத்துவக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். லண்டனில் ஒரு அறைக்கு முன்பணம் கொடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே போதும்.

அந்தப் பையனிடம் நான் சொன்னது

ஒரு வாரம் கழித்து அவனை அழைத்தேன். ரெண்டு மாசத்துக்குப் போட்டு எடுக்கிற வேலை என்னால் முடியாது என்று முதலிலேயே சொன்னேன். முகம் சுருங்கியது திரையில் தெரிந்தது. அப்புறம் தம்பி கதையைச் சொன்னேன். "உனக்கு இருபத்தஞ்சுதான் ஆகுது. இன்னும் நாலஞ்சு குலுக்கல் இருக்கு. மாசம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும்னு சொல்லு" என்றேன். கணக்குப் போட்டோம். அவன் சம்பளத்தில் ஒன்றரை வருஷம் ஆகும் என்று வந்தது. "அதுக்குள்ள ரூல்ஸ் மாத்திட்டா அக்கா?" என்றான். நியாயமான பயம்தான். மாற்றினாலும் மாற்றலாம், யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒன்று மட்டும் செய்கிறேன் என்றேன். அவன் முக்கால்வாசி சேர்த்திருக்கும்போது பெயர் விழுந்துவிட்டால், மீதியை நான் தருகிறேன். அதை விசா வந்த மறுநாள் திருப்பித் தரக் கூடாது. அவன் வருஷத்தை முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தந்தால் போதும், அதுவரைக்கும் அவன் பணம்தான். இது எல்லா வீட்டிலும் முடிகிற காரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எப்படியும் கைமாற்று கொடுக்கத் தயாராக இருக்கிற மாமாக்களையும் சித்தப்பாக்களையும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். இரண்டு மாதத்துக்குக் கொடுக்கிறதைக் கொஞ்சம் குறைத்தாவது பதினெட்டு மாதத்துக்குக் கொடுங்கள். பையன் கையில் அது இருக்கட்டும்.

தம்பி வாழைத்தோட்டத்தின் பேக்கிங் ஷெட்டில் மணிக்கணக்குக் கூலிக்குச் சேர்ந்தான். தார் சுமக்கிற வேலைக்கு அவனுக்கு உடம்பு போதாது என்று மேற்பார்வைக்காரரே சொல்லிவிட்டாராம். வாரா வாரம் பே-ஸ்லிப் வந்தது. ஒரு மாதம் போல ஆனதும் அங்கே இன்னொரு ஆள் தேவைப்பட்டது. தக்காளி ஊரில் விட்டு வந்த நண்பனைக் கூப்பிட்டான். வேலை உறுதி என்று தெரிந்த பிறகும் அவனால் வர முடியவில்லை, பஸ்ஸுக்கும் புது இடத்தின் முன்பணத்துக்கும் கையில் காசு இல்லை. தம்பி தன் பணத்திலிருந்து அனுப்பி வைத்தான். அவன் வந்து சேர்ந்து, மூன்றாவது சம்பளத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த மாதம் இரண்டு பேரும் சேர்ந்துதான் பழைய ஹாஸ்டல் மீது புகார் எழுதினார்கள்.